பிரெஞ்சு-கனடியக் கொடிவழி: திருமணப் பதிவுகள் மட்டும் போதுமா?

சுவடித்தேடி:
கியூபெக்கில் வேரூன்றிய ஒரு குடும்பத்தின் கொடிவழியைக் காலனிக் காலம் வரை கொண்டுசெல்லக் கத்தோலிக்கப் பங்குக் கோயில்களின் திருமணப் பதிவுகளே போதும் என்பது என் கருத்து. மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயர்களையும் அவற்றில் எழுதுவது வழக்கம். பெண்ணும் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாகிறாள். ஆகவே ஒரு திருமணத்திலிருந்து பெற்றோரின் திருமணத்துக்கும், அங்கிருந்து பாட்டன் பாட்டியின் திருமணத்துக்கும் ஏறிச் சென்றால், 1663 முதல் 1673 வரை குடியேறிகளை மணக்க பிரான்சிலிருந்து அரசச் செலவில் அனுப்பப்பட்ட, ‘மன்னரின் மகள்’கள் என்றழைக்கப்பட்ட ஏறத்தாழ 800 பெண்களில் ஒருவரையோ, 1665இல் வந்திறங்கிய கரிஞான்-சாலியேர் என்ற பிரெஞ்சுப் படைப்பிரிவின் வீரர் ஒருவரையோ பெரும்பாலும் சென்றடையலாம்.

கிளைநதி:
அந்த ‘வழக்கம்’ என்ற சொல்லைத்தான் நான் மறுக்கிறேன். மறுமணம் செய்யும் கைம்பெண்ணின் பதிவில் பெற்றோர் பெயருக்குப் பதிலாக, இறந்த கணவரின் பெயரே பெரும்பாலும் இருக்கும். முதல் திருமணப் பதிவு கிடைக்காவிட்டால் உங்கள் ஏணி அங்கேயே முறிந்துவிடும். படைவீரர்களின் பட்டப்பெயர்கள் அடுத்த இடர். ‘இளமை’ எனப் பொருள்படும் லாஜுனெஸ், ‘பூ’ எனப் பொருள்படும் லாஃப்ளூர் போன்ற பெயர்களைத் தமக்குள் எந்த உறவும் இல்லாத பலர் சூடியிருந்தார்கள். ஒரே தந்தையின் பிள்ளைகளில் ஒருவர் குடும்பப் பெயரையும் மற்றவர் பட்டப்பெயரையும் தம் வழித்தோன்றல்களுக்கு விட்டுச் சென்றதும் உண்டு. பெயரை மட்டும் நம்பி, உறவில்லாத இருவரை ஒரே ஆளாக்கிய கொடிவழி ஒன்றைச் சரிபார்க்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது.

சுவடித்தேடி:
அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தானே அறிஞர்கள் உழைத்திருக்கிறார்கள்? பாதிரியார் சிப்ரியான் தங்கே 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட குடும்ப அகராதி இருக்கிறது. மொன்றியல் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம் 1966 முதல் இதே பதிவுகளைக் கொண்டு குடும்பங்களை மீட்டமைத்து வருகிறது.

கிளைநதி:
தங்கேயின் உழைப்பை வணங்குகிறேன்; ஆனாலும் பின்வந்தவர்கள் அதற்குத் திருத்தத் தொகுதிகளே வெளியிட நேர்ந்தது. மூலமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதல்ல. 1640இல் கியூபெக் நகரின் கோயில் எரிந்தபோது பதிவேடுகளும் அழிந்தன. அதற்கு முந்தைய பதிவுகள் நினைவிலிருந்து மீண்டும் எழுதப்பட்டவை. ஆகவே ஒப்பந்தங்களை எழுதிப் பதிவுசெய்த நோட்டரிகளின் ஆவணங்களையும் சேர்த்துப் பாருங்கள். திருமண ஒப்பந்தம் கைம்பெண்ணின் பெற்றோரைச் சொல்லக்கூடும். இறந்தவரின் உடைமைப் பட்டியலோ பிள்ளைகள் அனைவரின் பெயரையும் தரக்கூடும்.

சுவடித்தேடி:
கைம்பெண்களைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒப்பந்தம் எழுதியபின் திருமணமே நடக்காமல் போனதும் உண்டு என்பதால், கோயில் பதிவின் இடத்தை அது பிடிக்க முடியாது.

ஆற்றங்கரை:
இருவரும் பதிவில் இடம்பெற்றவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். 1709இல் காலனியின் அரச நிர்வாகி ரோதோ, ‘பனி’ என்றழைக்கப்பட்ட பூர்வகுடி அடிமைகளும் கறுப்பின அடிமைகளும் வாங்கியவரின் முழு உடைமை என்று ஆணையிட்டார். வரலாற்றாசிரியர் மர்செல் துருதெல் கணக்கெடுத்த 4,000க்கும் மேற்பட்ட அடிமைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பூர்வகுடிகள். அவர்களுடைய ஞானஸ்நானப் பதிவில் உரிமையாளரின் பெயர் தெளிவாக இருக்கும், தாய் தந்தையரின் பெயர் இருக்காது. அவர்களில் சிலர் பிரெஞ்சுக் குடியேறிகளை மணந்து பிள்ளை பெற்றிருக்கிறார்கள். அந்தக் கிளையில் வந்தவர்களுக்கு நீங்கள் என்ன வழி சொல்வீர்கள்?

சுவடித்தேடி:
அங்கே என் முறை நின்றுவிடும் என்பது உண்மைதான். எழுதப்படாத பெற்றோரை ஊகத்தால் நிரப்புவதைவிட நின்றுவிடுவதே நேர்மை என்று கருதுகிறேன்.

ஆற்றங்கரை:
ஊகிக்கச் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தில் ‘பெற்றோர் யாரெனத் தெரியவில்லை’ என்று எழுதாமல், ‘பாதிரியார் பெற்றோர் பெயரை எழுதவில்லை’ என்று எழுதி, பதிவில் உள்ள உரிமையாளரின் பெயரையும் ஊரையும் நாளையும் அருகில் குறித்து வையுங்கள். அந்த உரிமையாளரின் உடைமைப் பட்டியல் நோட்டரியிடம் இருந்தால், அந்த அடிமையின் வயதாவது அங்கே கிடைக்கக்கூடும்.