டெஸ்க்டாப்ல மூணு விதமா சத்தம் வருது, எந்த பார்ட்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

மின்மினி:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா என் டெஸ்க்டாப் சத்தம் போட்டு உயிர வாங்குது. காலைல ஆன் பண்ணதும் கர்ர்ர்ர்னு ஏதோ உரசுற சத்தம், கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும், அப்புறம் நாள் பூரா வராது. கேம் போட்டா ஈஈஈன்னு கொசு மாதிரி காதுல ரீங்காரம், அதுவும் ஆடும்போத விட மெனுல சும்மா நிக்கும்போது தான் ஜாஸ்தி, அது ஏன்னே புரியல. இது ரெண்டும் இல்லாம எப்பவாச்சும் டிக்னு ஒரு சத்தம். தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட சொன்னேன், "ஹார்ட் டிஸ்க் போகப்போகுது"ன்னு முடிச்சிட்டாரு. விண்டோஸ் எஸ்எஸ்டில இருக்கு, போட்டோ எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல. கேபினட் மேல காத வச்சு பாத்தேன், எல்லா பக்கமும் வர்ற மாதிரி தான் கேக்குது. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

கேபிள்மாமா:
போட்டோவ முதல்ல வேற ட்ரைவ்ல காப்பி எடுங்க, ஆராய்ச்சி எல்லாம் அதுக்கப்புறம். சத்தம் ஹார்ட் டிஸ்க்ல இருந்து வரலன்னாலும் காப்பி எடுத்தது வீண் போகாது. அப்புறம் டிஸ்க்கோட ஹெல்த்த காட்டுற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கிற சாஃப்ட்வேர் போட்டு 05, சி5, சி6 இந்த மூணு வரிய பாருங்க, டிஸ்க்ல கெட்டுப்போன, சந்தேகமான இடங்களோட கணக்கு அது. அந்த வரில ரா வேல்யூங்கிற நம்பர் சைபரா இருந்தா இப்போதைக்கு நிம்மதி. சி5 ஏறிக்கிட்டே போனா அந்த டிஸ்க்க நம்பாதீங்க.

பிட்டுக்குபிட்டு:
மாமா சொன்னத செஞ்சிட்டு வாங்க, ஆனா எனக்கு இது ஹார்ட் டிஸ்க்னு தோணல. மூணு சத்தத்தையும் ஒன்னா போட்டு குழப்பிக்காதீங்க, மூணும் வேற வேற இடமா இருக்கலாம். சத்தம் எப்படி இருக்குன்னு விவரிக்கிறத விட, எத மாத்தினா சத்தமும் மாறுதுன்னு பாருங்க, அதுல தான் துப்பு இருக்கு.

காலைல வர்ற கர்ர்ர்: ஆறிப்போன மெஷின்ல வந்து சூடானதும் போகுதுன்னா பெரும்பாலும் ஃபேன் பேரிங் தான். ஸ்லீவ் பேரிங் ஃபேன்ல உள்ள இருக்கிற எண்ணெய் நாளாக நாளாக காஞ்சு கெட்டியாகும், ஓடி சூடாச்சுன்னா இளகி சத்தம் அடங்கும். கேபினட் மேல காத வச்சா ஒன்னும் தெரியாது, ஏன்னா தகடு எந்த அதிர்வையும் எல்லா மூலைக்கும் கடத்திடும். பேப்பர நீளமா குழாய் மாதிரி சுருட்டி ஒரு முனைய காதுல வச்சிக்கிட்டு இன்னொரு முனைய ஒவ்வொரு ஃபேன் கிட்டயும் கொண்டு போங்க, றெக்கைல படாம. சந்தேகம் வந்த ஃபேனோட நடு வட்டத்த, றெக்கைய இல்ல, பென்சில் பின்னாடி இருக்கிற ரப்பரால மெதுவா அழுத்தி ரெண்டு செகண்ட் நிறுத்துங்க, சத்தம் நின்னா ஆள் சிக்கிட்டான். ஒரு தடவ சூடாயிட்டா அப்புறம் தேடி பிரயோஜனம் இல்ல, அதனால ராத்திரியே சைடு பேனல கழட்டி வச்சிட்டு காலைல ஆன் பண்ண உடனே பாருங்க.

ஈஈஈ சத்தம்: இது காயில் வைன். கிராபிக்ஸ் கார்டுலயும் எஸ்எம்பிஎஸ்லயும் (கரண்ட் சப்ளை பண்ற பெட்டி) இருக்கிற காயில்கள்ல கரண்ட் வேகமா ஏறி இறங்கும்போது கம்பி அதிருது. மெனு ஸ்கிரீன்ல வரையிறதுக்கு வேலை கம்மி, அதனால கார்டு செகண்டுக்கு ஆயிரக்கணக்குல ஃப்ரேம் (படம்) தள்ளும், அதான் அங்க ஜாஸ்தியா கேக்குது. விசிங்க் (ஃப்ரேம மானிட்டர் வேகத்துக்கு மேல போகாம வைக்கிற செட்டிங்) ஆன் பண்ணுங்க, இல்லன்னா ஃப்ரேம செகண்டுக்கு 60க்கு லிமிட் பண்ணுங்க. சுருதி சட்டுனு மாறினா காயில் தான், ஃபேனால அப்படி ஒரே நொடியில மாற முடியாது, அது சுத்தி வேகம் ஏறவே நேரம் எடுக்கும். காதுக்கு தொல்லையே தவிர இதனால கார்டுக்கு ஒன்னும் ஆகாது.

டிக் சத்தத்துக்கு நீங்க சொன்ன விவரம் பத்தாது. எதையாச்சும் ஓப்பன் பண்ணும்போது வருதா, சும்மா இருக்கும்போது வருதா?

இரவுப்பறவை:
ஃபேன் தான்னா ஸ்டிக்கர பிரிச்சு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்க ப்ரோ, புதுசு எதுக்கு?

பிட்டுக்குபிட்டு:
எண்ணெய் விட்டா கொஞ்ச நாள் ஓடும், மறுபடி கத்தும். பேரிங் தேஞ்சு ஆட்டம் கண்டிருந்தா எண்ணெய் என்ன பண்ணும்? பின்னாடி ஃபேன்னா பரவால்ல, சிபியு ஃபேன்ல இந்த விளையாட்டு வேண்டாம். அப்புறம் சத்தம் எஸ்எம்பிஎஸ் உள்ள இருந்து வந்தா அத மட்டும் தொறக்கவே தொறக்காதீங்க, பிளக்க பிடுங்கின பிறகும் உள்ள இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல தங்கியிருக்கலாம். முழுசா மாத்திடுறது தான் வழி.

மின்மினி:
காப்பி எடுத்துட்டேன். காலைல பேப்பர் குழாய் வச்சு பாத்தேன், வீட்ல எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க, ஆனா வேலை செஞ்சுது 😄 பின்பக்க ஃபேன் தான், ரப்பர வச்ச உடனே கப்சிப். 60 லிமிட் போட்டதும் மெனுல ஈஈஈ சுத்தமா போச்சு, ஆடும்போது லேசா இருக்கு, ஹெட்போன் போட்டா கேக்காது.

டிக் சத்தம் சும்மா இருக்கும்போது தான் வருது, அப்புறம் போட்டோ ஃபோல்டர தொறந்தா உடனே ஒரு டிக். 05, சி5, சி6 எல்லாமே சைபர். ஆனா சி1னு ஒரு வரில ஏதோ எழுத்தும் நம்பருமா கலந்து பெருசா இருக்கு, பயமா இருக்கு.

கேபிள்மாமா:
பயப்படாதீங்க, அந்த சாஃப்ட்வேர் ரா வேல்யூவ ஹெக்ஸ்ல (எழுத்தும் நம்பரும் கலந்து எழுதுற முறை) காட்டும், மெனுல போய் டெசிமலுக்கு, அதாவது சாதாரண நம்பருக்கு மாத்துங்க. சி1 எரர் கணக்கு இல்ல, லோட் சைக்கிள் கவுண்ட். சில டிஸ்க் கொஞ்ச நேரம் வேலை இல்லன்னா ரீடிங் ஹெட்ட ஓரமா கொண்டு போய் பார்க் பண்ணிடும், மறுபடி கேட்டா வெளிய எடுக்கும், அந்த டிக் இதுவா தான் இருக்கணும். உறுதி பண்ணனும்னா நம்பர குறிச்சு வச்சிட்டு சில டிக் கேட்டதும் ரெஃப்ரெஷ் பண்ணி பாருங்க, கூடியிருந்தா இதே தான். பல டிஸ்க்குக்கு 3 லட்சம், 6 லட்சம்னு கம்பெனியே ஒரு அளவு சொல்லியிருப்பான், அத தாண்டின உடனே செத்துப்போகும்னு அர்த்தம் இல்ல. சாகப்போற டிஸ்க்கோட சத்தம் வேற, டக் டக் டக்னு ஒரே தாளத்துல அடிச்சிக்கிட்டே இருக்கும், அந்த நேரம் ஃபோல்டர் தொறக்காம சிஸ்டமே உறைஞ்சு நிக்கும்.

மின்மினி:
மாமா, டெசிமல்ல பாத்தா நாப்பதாயிரம் சொச்சம், டிக் கேட்டா கூடுது. அப்ப ஃபேன் மட்டும் மாத்தினா போதும்ல? எத பாத்து வாங்கணும்?

பிட்டுக்குபிட்டு:
போதும். பழச கழட்டி அளவு பாருங்க, 120 எம்எம்மா 140 எம்எம்மான்னு. அப்புறம் வயர் 3 பின்னா 4 பின்னா. 3 பின் ஃபேன 4 பின் சாக்கெட்ல தாராளமா சொருகலாம், ஆனா பயாஸ்ல (மதர்போர்டு செட்டிங்ஸ்) அந்த ஃபேன டிசி மோடுக்கு (வோல்டேஜ மாத்தி வேகத்த மாத்துறது) மாத்தணும், 4 பின் ஃபேனுக்கான பிடபிள்யுஎம் மோட்லயே விட்டா எப்பவும் ஃபுல் ஸ்பீடுல சுத்தும், அப்புறம் புது சத்தம்னு இன்னொரு கேள்வி போடுவீங்க.