ரேப்பிட் இருந்தால் எட்ஜ் போர்ட் வேண்டாமா?

பாலக்கோடு கேபிள்: "ஆர்எஸ்டிபி (ரேப்பிட் ஸ்பேனிங் ட்ரீ, சுவிட்ச் வலையில் தரவு சுற்றிச் சுற்றி வரும் லூப்பைத் தடுக்கும் நெறிமுறை) போட்டாச்சு என்றால் எட்ஜ் போர்ட் (கம்ப்யூட்டர் மாதிரி கடைசிக் கருவிக்கான, காத்திருக்காமல் உடனே திறக்கும் போர்ட்) அமைப்பு வீண்வேலை" என்று ஓசூர் நண்பர் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. சுவிட்சும் சுவிட்சும் புரொபோசல் (போர்ட்டைத் திறக்கலாமா என்ற கேள்வி), அக்ரிமென்ட் (சரி என்ற பதில்) பரிமாறிக்கொள்வதால்தான் அந்த வேகமே கிடைக்கிறது. கம்ப்யூட்டர் அக்ரிமென்ட் அனுப்புமா? அனுப்பாது. டிஸ்கார்டிங் (தரவை ஒதுக்கும் நிலை) 15, லேர்னிங் (முகவரிகளைக் கற்கும் நிலை) 15, மொத்தம் 30 வினாடி அந்த போர்ட் சும்மா கிடக்கும். அதற்குள் கம்ப்யூட்டர் டிஎச்சிபி வழியாக ஐபி முகவரி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடும்.

ஓசூர் அட்மின்: இன்னும் 802.1டி தர ஆவணத்தின் 1998 பதிப்பைத்தான் படிக்கிறீர்களா? 802.1டி-2004ல் ஆட்டோ எட்ஜ் இருக்கிறது. பிபிடியு (சுவிட்சுகள் தங்களுக்குள் அனுப்பும் ஸ்பேனிங் ட்ரீ செய்தி) வராவிட்டால் 3 வினாடியில் போர்ட் தானாகவே எட்ஜ் ஆகிவிடும்.

பாலக்கோடு கேபிள்: எல்லா சுவிட்சிலும் அது இருக்கிறதா? இருந்தாலும் ஆன் செய்திருக்கிறார்களா? அந்த 3 வினாடியும் பாயின்ட்-டு-பாயின்ட் இணைப்புக்குத்தான். ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அனுப்பும் இணைப்பு) என்றால் மேக்ஸ் ஏஜ் (பிபிடியு செல்லுபடியாகும் உச்ச காலம்), 20 வினாடி. ஆட்டோ எட்ஜே இல்லாவிட்டால் 30.

காவேரிப்பட்டணம் மாங்கூழ்: அண்ணா, சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆலையில் மேசைக்கடியில் கிடக்கும் பழைய சுவிட்ச் ரூட் (வலையின் தலைமை சுவிட்ச்) ஆகிவிட்டது. எல்லாவற்றிலும் பிரையாரிட்டி 32768.

பாலக்கோடு கேபிள்: பிரையாரிட்டி எண் சிறியதாக உள்ள சுவிட்ச்தான் ரூட், சமமானால் சிறிய மேக் முகவரிதான் (கருவியின் வன்பொருள் முகவரி) ஜெயிக்கும் தம்பி. நடு சுவிட்சுக்கு 4096 போடுங்கள். அப்படியே எடைமேடை கம்ப்யூட்டரின் போர்ட்டுக்கு எட்ஜ் போடுங்கள். எட்ஜ் போர்ட் அணைந்து எரிந்தாலும் டோப்பாலஜி மாற்றம் (வலை அமைப்பு மாறிவிட்டது என்ற அறிவிப்பு) கிளம்பாது, மற்ற சுவிட்சுகளின் மேக் அட்டவணை (எந்த முகவரி எந்த போர்ட்டில் என்ற பட்டியல்) அழியாது. ஓசூர்காரர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஓசூர் அட்மின்: எட்ஜ் போட்ட போர்ட்டில் எவனாவது குட்டி சுவிட்சைச் செருகி லூப் ஆனால் நீங்கள் வந்து பார்ப்பீர்களா?

பாலக்கோடு கேபிள்: பிபிடியு வந்தவுடனே எட்ஜ் நிலை போய்விடும். அதற்கு மேல், பிபிடியு வந்தால் போர்ட்டையே மூடிவிடும் பிபிடியு கார்டு இருக்கிறது. 2004ல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தர்மபுரி என்றாலே இளக்காரம்.

அரூர் லினக்ஸ்: மாவட்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்? போன மாதம் ஃபைபர் பேச்சிலும் இதேதான் செய்தீர்கள்.

பாலக்கோடு கேபிள்: அன்றும் நான் சொன்னதுதான் சரி.

ஓசூர் அட்மின்: எங்கள் சுவிட்சில் 3 வினாடிதான்.

பாலக்கோடு கேபிள்: எந்த மாடல்? ஆட்டோ எட்ஜை அணைத்துவிட்டு கேபிளைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். 30 வினாடி!