விண்டோஸ் 11: எடைச்சீட்டு பிரிண்டருக்கு வழி தேவை

குழுவினருக்கு வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் மாங்கூழ் ஆலை அலுவலகத்தின் கணினிகளை விண்டோஸ் 11-க்கு மாற்றி வருகிறோம். விண்டோஸ் 11-க்குத் தேவையான டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய கணினிகளை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துள்ளோம். மாற்றியவை நன்றாகவே இயங்குகின்றன. வலது கிளிக் பட்டியலைச் சுருக்கியிருப்பதுதான் கணக்குப் பிரிவினருக்கு (எனக்கும்தான்) எரிச்சல் தருகிறது.

உண்மையான சிக்கல் எடைமேடையில் இருக்கிறது. அங்கே சீட்டு அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை இணைக்கும் பேரலல் போர்ட் கார்டின் பழைய டிரைவர் மென்பொருளை, ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்னும் பாதுகாப்பு வசதி தடுத்துவிடுகிறது. அந்த வசதியை அணைத்தால் சீட்டு அச்சாகிறது என்றாலும், இணையத்தோடு இணைந்த கணினியில் அதை நிரந்தரமாக அணைத்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. யுஎஸ்பி-பேரலல் கேபிளில் இணைத்தால் விவசாயிகளின் பெயர்கள் தமிழிலேயே ஒழுங்காக அச்சாகுமா, அல்லது புதிய கார்டு வாங்குவதே நல்லதா என்பதை, அனுபவம் உள்ளவர்கள் மாங்காய் வரத்து தொடங்கும் முன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.