அண்ணன் மனம் நோகாமல் தனி வங்கிக் கணக்கு தொடங்குவது எப்படி?

அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலி பேட்டையில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். கணவர் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. அண்ணனும் மதினியும் ஒரு குறையும் வைக்கவில்லை. அதனால்தான் இதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது.

தினமும் இலை வெட்டி, தூள் வைத்து பீடி சுற்றுகிறேன். வாரக்கூலி அப்படியே அண்ணன் கைக்குப் போய்விடும். ஒரு சேலை வேண்டுமென்றாலும் கேட்க வேண்டும். பணம்கூடப் பரவாயில்லை, எது செய்தாலும் அண்ணன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தே பழகிவிட்டேன். அவர் ஒருநாள் பேசாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

நெல்லையப்பர் கோயிலுக்குப் போய் உட்கார்ந்து திருவாசகம் ஓதக் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆசை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் காசு கிடையாது. ஆனாலும் போக முடியவில்லை, கேட்கப் பயம். வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் வாய் "நமச்சிவாய" என்கிறது, காது வாசலில் அண்ணன் வண்டிச் சத்தத்தைத் தேடுகிறது. சாமி முன்னால்கூட நான் நானாக இல்லை.

ஜன்தன் கணக்கு என்றால் இருப்புத்தொகை எதுவும் வேண்டாம் என்பது தெரியும். கூலியில் பாதியை வீட்டுக்குக் கொடுத்து, மீதியை அதில் போடலாம் என்று நினைக்கிறேன். இதை அண்ணனிடம் எப்படித் தொடங்குவது? முதலில் மதினியிடம் சொல்லலாமா? அப்புறம், பிறந்த வீட்டில் இருந்துகொண்டே இப்படிச் செய்தவர்கள் யாராவது இருந்தால், முதல் நாள் என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள்.