சுடுநீர் வாளியும் ஒன்றரை வயதுக் குழந்தையும்

பாலக்கோடு வாசகி:
வணக்கம். சென்ற வாரம் மகனைக் குளிப்பாட்டுவதற்காக வாளியில் சுடுநீரை ஊற்றி வைத்துவிட்டு, விளாவுவதற்குப் பச்சைத் தண்ணீர் எடுக்க நான் திரும்பிய நேரத்தில், அவன் வாளியின் விளிம்பைப் பிடித்து எழ முயன்று முழங்கை வரை சுட்டுக்கொண்டான். பதற்றத்தில் மாமியார் பற்பசையைத் தடவிவிட்டார்; மருத்துவமனையில் அதைக் கழுவி எடுப்பதற்குள் குழந்தை துடித்துவிட்டான். இப்போது புண் ஆறி வருகிறது. விறகடுப்பும் தொட்டியும் உள்ள வீட்டில், குழந்தையை எந்நேரமும் இடுப்பிலேயே வைத்திருக்காமல் எப்படிக் காப்பது? மாமியாரின் மனம் நோகாமல் பற்பசையைப் பற்றி எப்படிச் சொல்வது?

கிருஷ்ணகிரி செவிலி:
சகோதரி, வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன் மேல் சுடுநீரை விளாவுங்கள். இந்த வரிசை மாறாதிருந்தால் சென்ற வாரத்து விபத்து நேர்ந்திருக்காது. கேழ்வரகுக் களி கிண்டும் நேரத்திலும் கவனம் தேவை, ஏனெனில் களி தோலில் ஒட்டிக்கொண்டு வெந்நீரைவிட நெடுநேரம் சுடும். சுட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயனுண்டு. குழந்தையின் மற்ற உடம்பு குளிர்ந்துவிடாதபடி துணியால் போர்த்துங்கள். வீக்கம் வருமுன் காப்பு, வளையல்களைக் கழற்றிவிடுங்கள். பனிக்கட்டி, மாவு, பேனா மை எதுவும் வேண்டாம். முகம், கை, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சுட்டிருந்தால் காயம் சிறிதானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாமியாரிடம் “பற்பசை தடவாதீர்கள்” என்பதைவிட, “சுட்டால் முதலில் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் அத்தை” என்று ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதுதான் எடுபட்டது.

பென்னாகரம் பெரியவர்:
அம்மா, தொட்டிக்குக் கனமான மூடி போடுங்கள். குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள், ஒரு சாண் தண்ணீரே சிறு பிள்ளைக்கு ஆபத்து. நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. வீட்டுத் திண்ணையில் புளி தட்டும் காலத்தில் கொட்டைகள் தரையெங்கும் சிதறிக் கிடக்கும், நிலக்கடலையும் அப்படித்தான். என் பேத்திக்குப் புரையேறியபோது இருமல் நின்றுவிட்டதென்று நாங்கள் நிம்மதியடைந்தோம். மூச்சில் மட்டும் ஒரு விசில் சத்தம் இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் புளியங்கொட்டை மூச்சுக்குழாயில் இருந்ததைக் கண்டு எடுத்தார்கள்.

கிருஷ்ணகிரி செவிலி:
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குழந்தை பலமாக இருமினால் இரும விடுங்கள்; கண்ணுக்குத் தெரியாத கொட்டையைத் தேடி வாய்க்குள் விரலை விட்டால் அது இன்னும் உள்ளே போகும். குரலோ இருமலோ வராமல் திணறினால், தலை தாழ்ந்திருக்கும்படி குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். அதே வேளையில் மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

பாலக்கோடு வாசகி:
அனைவருக்கும் நன்றி. இவற்றை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், பேரனின் கையில் இறுகியிருந்த வெள்ளிக் காப்பைச் சோப்பு நீர் போட்டுக் கழற்றிவிட்டு வந்தார்.