குடும்பத்தோடு பிழைக்கிற ஊடாட்டக் கதை: மூணாவது ஆட்டத்துலயே கணக்குப் புதிரா மாறிடுது, என்ன செய்யலாம்?

கடைமடை:
ட்வைன்ல (கிளை பிரியற கதை எழுதுற மென்பொருள்), அதோட ஷுகர்கியூப் வடிவத்துல ஒரு கதை எழுதிட்டிருக்கேன். களம் நாகப்பட்டினம் மாவட்டத்துல தலைஞாயிறு பக்கம். ஐப்பசி 1-ல கடல் உள்ள வருது, திரும்பிப் போகல. கரன்ட் இல்ல, ரோடு இல்ல. வீட்டுல அஞ்சு பேர்: அப்பா, அம்மா, அப்பாயி, பதினாலு வயசுப் பையன், ஆறு வயசுப் பொண்ணு. வாசகர்தான் அப்பா. 40 நாள் தாக்குப்பிடிக்கணும். அரிசி, தண்ணி, விறகு, உடம்பு நாலும் மேல எண்ணா ஓடும்.

சோதிச்சுப் பார்த்தவங்க எல்லாரும் அப்பாயிக்குச் சோத்தை நிறுத்தினா 40 நாளை ஓட்டிடலாம்னு கண்டுபிடிச்சுட்டாங்க. யாருக்கும் உறுத்தல. பொண்ணு செத்தா உடனே பின்னாடி போற அம்புக்குறியைத் தட்டிடறாங்க. போதாததுக்கு அரிசி சில சமயம் தானாவே குறையுது.

வெண்ணாறு:
முதல்ல அந்த எண்களைத் தூக்குங்க. எண்ணைக் கண்டா எவனும் கணக்கப்பிள்ளை ஆயிடுவான்.

கணக்கு உள்ளுக்குள்ள ஓடட்டும், ஆழாக்குல ஓடட்டும். ஒரு ஆழாக்கு அரிசி ஏறக்குறைய 140 கிராம்னு வெச்சுக்கோங்க (படி ஊருக்கு ஊர் மாறும், கதைக்குள்ள மாறக்கூடாது). பெரியவங்களுக்கு நாளுக்கு மூணு, பிள்ளைங்களுக்கு ரெண்டு, ஆக 13. அறுபது கிலோ நெல் மூட்டையில சுமார் 40 கிலோ அரிசி தேறும், அது 285 ஆழாக்கு, 22 நாள். ஒன்றரை மூட்டை குடுத்தா 33 நாள் வரும், ஏழு நாள் துண்டு விழும். உங்க கதை அந்த ஏழு நாள்தான். ரெண்டு மூட்டை குடுத்தா கதையே இல்ல.

வாசகர் கண்ணுல பத்தாயம் (நெல்லு கொட்டி வெக்கிற பெரிய மரப்பெட்டி) மட்டும் படணும். முதல் வாரம் குனியாம அள்ளலாம். அப்புறம் தோள் வரைக்கும் கையை விடணும். ஒரு நாள் பையனை உள்ள இறக்கி விட வேண்டி வரும், உள்ளேர்ந்து தகரம் பலகையில உரசுற சத்தம் கேக்கும். அதுக்கு மேல எண் எதுக்கு?

அடுத்தது, யாருக்கு எவ்வளவுன்னு அப்பாவைக் கேக்காதீங்க. நம்ம வீடுகள்ல அகப்பை யார் கையில இருக்கு? இன்னிக்கு எத்தனை ஆழாக்கு உலையில போடணும்னு மட்டும் வாசகர் சொல்லட்டும். பங்கை அம்மா போடுவா. குறைச்சா முதல்ல அவ பங்கு குறையும். அப்பாயி தன் பங்குல பாதியைப் பேத்திக்குத் தள்ளுவா. அம்மாவோட உடம்பு மறைஞ்ச மாறியா (வாசகர் கண்ணுக்குத் தெரியாம உள்ள ஓடுற எண்) இருக்கட்டும், நாலு நாள் தள்ளி அடிக்கட்டும். ஆனா அதுக்கு முன்னாடி மூணு தடயமாவது வேணும்: பானையைக் கழுவின தண்ணியைக் குடிக்கிறா, "நான் அப்பவே தின்னுட்டேன்"ங்கறா, உலக்கை போடும்போது உக்காந்துடறா. தடயம் இல்லாம கொன்னா வாசகர் திட்டிட்டு ஜன்னலை மூடிடுவார், அது நியாயமும்கூட.

முடிச்சு:
தானா குறையுறதுக்குக் காரணம்: அரிசியைக் கழிக்கிற 'செட்' வரியை (எண்ணை மாத்துற கட்டளை) அடுப்பங்கரைப் பத்தியிலயே (ட்வைன்ல கதையோட ஒரு பக்கம்) எழுதியிருப்பீங்க. வாசகர் கொல்லைக்குப் போயிட்டு அதுக்குள்ள திரும்ப வந்தா அந்த வரி மறுபடி ஓடும். நாள் மாறுற 'விடியல்' பத்தி ஒண்ணு வெச்சு, எல்லாக் கழித்தலையும் அங்க மட்டும் போடுங்க.

ஆழாக்கு எண்ணிக்கையை வாங்க டெக்ஸ்ட்பாக்ஸ் போடாதீங்க. அது எழுத்தாத்தான் தரும், 5-ஓட 1 கூட்டினா 51 ஆகும். நம்பர்பாக்ஸ் போடுங்க.

அம்புக்குறிக்கு: ஸ்டோரி ஜாவாஸ்கிரிப்ட்ல கான்ஃபிக் ஹிஸ்டரியோட மேக்ஸ்ஸ்டேட்ஸை 1 ஆக்கினா போயிடும். சேமிப்பையும் சேர்த்து அடைச்சிடாதீங்க. போன்ல படிக்கிறவங்க பாதியில தொலைச்சா திரும்ப வர மாட்டாங்க.

கரிசல் அல்ல வண்டல்:
பொருள் சார்ந்த சில திருத்தங்கள். உப்பேறிய கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதை ஒரு தேர்வாகக் கொடுங்கள். கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்றுவதால் இன்னும் கரிக்கும், விறகும் வீண். சரி என்று நினைத்துச் செய்வது தப்பாகிற இடம் இது; வாசகர் மறக்கமாட்டார்.

ஐப்பசி என்பதால் மழை உண்டு. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர். 20 சதுர மீட்டர் ஓட்டுக்கூரையில் 10 மில்லிமீட்டருக்கு 200 லிட்டர். சிந்தியது, முதலில் விட்ட அழுக்குத் தண்ணீர் போக 150. குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லிட்டர் என்றால் நாளுக்கு ஒரு குடம் போதும். ஆக, பஞ்சம் மழைக்கு இல்லை, பாத்திரத்துக்குத்தான். ஒரு அண்டா, மூன்று குடம் என்று கட்டுப்படுத்துங்கள். ஒரு குடத்தை ஓட்டையாக்குங்கள்.

விறகு: சாய்ந்த தென்னை ஊரெல்லாம் கிடக்கும், எதுவும் எரியாது. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தென்னை நீர் ஊறிய பஞ்சு. பரணில் கிடக்கும் பன்னாடை, பாளை, சிரட்டை இவைதான் கணக்கு. நெல்லை அவிக்க விறகு கிடையாது, பச்சையாகக் குத்தினால் நொய் அதிகம் விழும். சோறு கஞ்சியாவது அதனால்தான் என்று காட்டலாம்.

கடைமடை:
ரொம்ப நன்றி. 31-ஆம் நாள் "விதைநெல்லைத் தின்னலாமா?"ன்னு ஒரு தேர்வு இருக்கு. வெச்சிருக்கலாமா?

வெண்ணாறு:
கேள்வியா வேண்டாம். டெல்டாக்காரன் படிச்சு முடிக்கிறதுக்குள்ளயே "கூடாது"ன்னு தட்டிட்டு நெஞ்சை நிமிர்த்திக்குவான். இன்னொண்ணு, ஐப்பசியில சம்பா விதைச்சு முடிஞ்சிருக்கும், கோட்டை (வைக்கோல் பிரி சுத்திக் கட்டி வெச்ச விதைநெல்) எப்படி மிஞ்சும்னு கேப்பாங்க. பயிர் அழுகினா மறுபடி விதைக்கன்னு ஒரு ஏக்கருக்கு 24 கிலோ ஒதுக்கினதா முன்னாடியே சொல்லிடுங்க.

31-ஆம் நாள் அப்பா கோட்டையைத் தூக்கறார், கனம் குறைவா இருக்கு. வைக்கோல் பிரி மறுபடி சுத்தியிருக்கு. முடிச்சு அவர் போட்டதில்ல. தேர்வு மூணு: அம்மாகிட்ட கேக்கறது, பழையபடி வெச்சிடறது, தானும் ஒரு கை அள்ளிக்கிறது. மூணுல எதைத் தட்டினாலும் எந்த மாறியும் மாறக்கூடாது. கேட்டா மட்டும் அம்மா உரலைத் துடைச்சிட்டே பதில் சொல்லாம இருக்கட்டும்.