கடலைக் கேட்டேன், படியைக் கேட்கவில்லை

மதுரைக்காரர்:

போன மே மாதம் ஏழு பேராகக் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் பக்கத்தில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தோம். எந்த விடுதி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நானும் மைத்துனரும் இரண்டு மாதமாக ஒரே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜன்னல் நிறையக் கடல். ரயில் டிக்கெட் இப்போது அறுபது நாளைக்கு முன்புதான் திறக்கிறது. அது கைக்கு வந்த அன்றே அறைக்கும் முன்பணம் கட்டிவிட்டோம். போய்ப் பார்த்தால், பொய் சொல்லக் கூடாது, கடல் இருந்தது. பால்கனியின் இடது மூலையில் நின்று கழுத்தை நீட்டினால் இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு முழம் தெரிந்தது. அறை மாடியில். லிஃப்ட் இல்லை. அம்மாவுக்கு மூட்டு வலி, ஏறப் பதினெட்டுப் படி. விடுதிக்காரரைத் திட்டி என்ன பயன்? கடலைக் கேட்டேன், படியைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை பிள்ளைகள் காற்றடித்த டியூபோடு கரைக்கு ஓடினார்கள். அங்கே ஒரு பெரியவர், கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார்:

"எந்த ஊர் மக்களே?"

"மதுரை, ஐயா."

"வைகையில் தண்ணீர் வந்தால் குளியுங்கள். இதில் வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்றது. கடல் ஒன்றும் அப்படிக் கொந்தளிக்கவில்லையே என்றேன். அவர் ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தார். "அலை உடைகிற இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். உடையாமல் சும்மா கிடக்கிறதே, அதோ அந்த இடம், அதைப் பாருங்கள். கரைக்கு வந்த தண்ணீர் முழுக்க அது வழியாகத்தான் திரும்பிப் போகும். ஆளையும் சேர்த்துக் கொண்டுபோகும்." இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்க, நடுவே கொஞ்சம் கலங்கலாக, சாதுவாக ஒரு பாதை. பிள்ளைகள் துண்டுகளை விரித்திருந்தது அதற்கு நேர் எதிரே.

டியூபை விடுதித் தோட்டத்துத் தொட்டியில் மிதக்க விட்டோம். சின்னவன் ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை.

அன்றே பிறகு விவேகானந்தர் பாறைக்குப் போனோம். காலையில் நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால் படகு தாமதம். வெயிலில் வரிசை, அம்மாவுக்கு ஒரு நாற்காலி தேடி அலைந்தேன். ஆனால் பாறையிலிருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்குப் போகும் கண்ணாடிப் பாலம் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டது. 77 மீட்டர் நீளம். 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் குப்புறப் படுத்துக் கடலைப் பார்த்தார்கள். அம்மா கண்ணாடியை மிதிக்கவே இல்லை. ஓரமாக, வள்ளுவர் முகத்தையே பார்த்தபடி, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நடந்து முடித்தார்.

மூன்றாம் நாள் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை. பூட்டியிருந்தது. வாசலில் பழம்பொரி தின்றுவிட்டுத் திரும்பினோம்.

மணவாளக்குறிச்சிக்காரி:

அண்ணன் பார்த்த பெரியவரைப் போல எங்கள் கரையில் ஊருக்கு நான்கு பேர் இருப்பார்கள். கோபப்படாமல் கேட்டதற்கு நன்றி. பலர் கேட்பதில்லை. 2024 மே மாதம் கணபதிபுரத்து லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஐந்து பிள்ளைகள் கடலில் மூழ்கிப் போய்விட்டார்கள். அன்று கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த காற்று கிளப்பிய அலை பல நாள் பயணம் செய்து திருடன் மாதிரி கரையேறும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்கிறது. அறை வாடகையைப் பத்து இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் புறப்படுகிற அன்று இதையும் ஒரு தடவை பார்த்தால் என்ன?

குழந்தைகள் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிப் போங்கள், அதுவும் வெள்ளம் இல்லாத நாளில்.

இன்னொன்று, சாப்பாடு. விருந்தாளிகள் வந்ததும் "அன்றன்று பிடித்த நெய்மீன் வேண்டும்" என்பார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கரையும் உண்டு. ஆகவே ஜூன் முதல் இரண்டு வாரம் எந்தப் பக்கமும் விசைப்படகு போகாது. அந்த நாளில் தட்டில் கிடக்கும் பெரிய துண்டு எத்தனை நாள் ஐஸில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், பரிமாறுகிறவர் கூரையைப் பார்ப்பார். வள்ளம் என்கிற நாட்டுப் படகில் வரும் சாளையும் நெத்திலியும் கேளுங்கள். மரச்சீனிக்கிழங்கு வேகவைத்து, சாளைக் குழம்பை மேலே ஊற்றித் தருவார்கள். விலையும் குறைவு.

கரை மணல் கறுத்திருக்கிறதே, அழுக்கா என்று வருடம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். இல்லை. இல்மனைட் கலந்த மணல், எங்கள் ஊரில் அதைப் பிரித்தெடுக்க ஆலையே இருக்கிறது.

நெல்லைவாசி:

நாங்கள் டிசம்பரில் போனோம். வெயில் இல்லை, ஆனால் சபரிமலைக்குப் போய்விட்டு வரும் பக்தர்கள் கூட்டம். படகு வரிசை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஒரு லாபம் உண்டு. அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் குமரி முனையில் நின்றாலே கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். மே மாதத்தில் வடக்கே ஒதுங்கிப்போய்க் கரையோரமாக மறையும். அண்ணன் முட்டத்தில் தங்கியதால் தப்பித்திருப்பார். கரை அங்கே வடமேற்காகத் திரும்பிவிடுகிறது. கலங்கரை விளக்கத்துப் பக்கத்துச் செம்பாறையில் உட்கார்ந்தீர்களா?

மதுரைக்காரர்:

உட்கார்ந்தோம். முழுச் சூரியனும் தண்ணீரில்தான் விழுந்தது. படம் எடுக்கவில்லை, போனில் சார்ஜ் இல்லை.

ஒரு திருத்தம். இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பதினெட்டுப் படி இல்லையாம், இருபத்திரண்டாம். ஏறினவர் அவர்.